அக்கா தோட்டத்து மோட்டாருக்கு நான் செய்த பெட்டி

திருப்பூரில் என் கம்பெனிக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும், என் மெஷின்களில் நான் கழற்றிப் பார்க்காத கன்ட்ரோல் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற கைமடி ஆளாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, கத்திரி பிடிக்கக் கற்று, கட்டிங் மாஸ்டராகி, பிறகு சொந்தமாக மெஷின் போட்டவன். இன்றைக்குக் காலையானால் என் கம்பெனி பேர் எழுதிய வேன் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெஷின் போர்டு பழுதானால் கோயமுத்தூரிலிருந்து சர்வீஸ் ஆள் வர வேண்டும். அவர் பஸ் ஏறி வருவதற்குள் சரக்கு அனுப்புகிற தேதி வந்துவிடும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நானே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஆரம்பத்தில் சில போர்டுகளைக் கருக்கினேன். கருகினதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி எங்கே போகிறது, எது சுட்டது, எது ஏன் சுட்டது என்று நோண்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச காலத்தில் அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் மெஷின் நின்றால் எனக்கே போன் போட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறையை இதற்கென்றே ஒதுக்கிக்கொண்டேன். எந்நேரமும் பஞ்சுத் தூசி பறக்கிற ஊரில் அந்த அறை மட்டும் துடைத்து வைத்ததுபோல இருக்கும்.

நான் செய்ததிலேயே நல்ல பெட்டி எது என்று யாராவது கேட்டால், கணியூரில் என் அக்கா தோட்டத்துக் கிணற்றடியில் மாட்டியிருப்பதைத்தான் சொல்வேன். செய்யாமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பதும் அந்த ஒன்றைத்தான்.

அக்காவைக் கணியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். தென்னை, ஊடே மக்காச்சோளம், ஓரத்தில் கொஞ்சம் தக்காளி, மிளகாய் என்று பார்க்கப் பசுமையான தோட்டம். மச்சான் தவறிப்போன பிறகும் அக்கா தோட்டத்துக்குள்ளேயே இருந்த ஓட்டு வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். பையன்கள் இரண்டு பேர். மூத்தவன் திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்டிங் போடும் யூனிட் வைத்திருக்கிறான், அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறான். சின்னவனுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு பேருமே தங்கமான பையன்கள். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவர்களைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

கிணறு வீட்டிலிருந்து தள்ளி, தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. மோட்டார் ஓடுவதற்கான மூணு பேஸ் கரண்ட் எப்போதும் இருக்காது. வருகிற நேரம் பார்த்து, வாய்க்கால் வரப்பு மேலேயே நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். விடிந்தும் விடியாமலும் கரண்ட் வந்தால் அந்நேரத்துக்கே போக வேண்டும். அப்படிப் போகையில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் வரப்பில் வழுக்கி விழுந்து அக்கா மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டு மூத்தவன் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். நான் பார்க்கப் போனபோது பேச்சு ஆரம்பித்தே விட்டிருந்தது.

"நீ அங்க இருந்து என்னம்மா பண்றே? மோட்டாரப் போடறே, நிறுத்தறே. அதுக்குக் கையக் காலை ஒடச்சுக்கோணுமா? இங்கயே இருந்துரு," என்றான் மூத்தவன்.

"இங்க இருந்து நான் என்னடா பண்றது? சன்னல்ல நின்னு பஸ்ஸை எண்ணறதா?"

"சும்மா இரு. அம்மான்னா சும்மா இருக்கப்படாதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள். அந்தப் பார்வைக்கு நான் எப்படிச் சும்மா இருப்பது?

"மாப்ள, மோட்டார்தான பிரச்சினை? அத நான் பாத்துக்கறேன். அக்கா வாசல்ல உக்காந்துட்டுப் போன்ல மோட்டாரப் போடட்டும்," என்றேன்.

"அது ஆகாதுங்க மாமா. முன்னாடியே கடைல ஒண்ணு வாங்கி மாட்டுனோம். பல்லி பூந்து, டப்புன்னு கருகிப்போச்சு."

"கடைப்பொட்டிக்குள்ள பல்லி பூரும். என்ற பொட்டிக்குள்ள ஒரு எறும்பு பூந்துதுன்னா என்னைக் கேளு."

மூத்தவன் சிரித்துவிட்டான். "சரிங்க மாமா. நீங்க செஞ்சு, அது ஒழுங்கா ஓடுச்சுன்னா, அம்மா தோட்டத்துலயே இருக்கட்டும். இல்லீன்னா இங்கதான். நீங்களே சாட்சி."

"செஞ்சு குடு சாமி. நீ செஞ்சு குடுத்தா நான் அங்கயே இருந்துக்குவேன்," என்றாள் அக்கா.

ஒரு பெட்டி செய்வதற்கு இதைவிடப் பெரிய ஆர்டர் எனக்கு வந்ததில்லை.

பெட்டிக்குள் சாமான்களை வைப்பதில்தான் வேலை இருக்கிறது. போர்டு எல்லாம் கடையில் கிடைக்கிறது. கூப்பிட்டால் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று குரலில் சொல்கிற, போன் சிம் போடும் போர்டு ஒன்று, அதற்குக் குறைந்த மின்சாரம் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர், போர்டு சொன்னால் தட்டுகிற ரிலே என்கிற சின்ன சுவிட்ச், பிறகு மோட்டாருக்குக் கரண்ட்டை விடுகிற பெரிய சுவிட்ச். இதற்குக் கான்டாக்டர் என்று பேர். இவற்றை வாங்கி மேஜையில் பரப்பி ஒயர் கொடுத்தால் யாருக்கும் ஓடும். மேஜையில் ஓடுவது கிணற்றடியில் ஓடாது. அங்கே வெயிலும் ஈரமும் மோட்டார் அதிர்வும் உண்டு, பல்லியும் எறும்பும் குளவியும் இருக்கின்றன. எதை எங்கே உட்கார வைக்கிறோம், எதன் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்பதில்தான் ஒரு பெட்டியின் ஆயுசு இருக்கிறது.

பட்டறையில் சொல்லி, கனமான தகட்டில் கதவு வைத்த பெட்டி ஒன்றை மடித்து வாங்கினேன். உள்ளே சாமான்களை முடுக்குவதற்கான தகட்டை மட்டும் வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை, நானே வெட்டினேன். பிரவுன் பேப்பரை விரித்து, ஒவ்வொரு போர்டையும் அதன்மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, பேட்டன் தயார் செய்து, அதைத் தகட்டில் ஒட்டி, ஓட்டை போட்டேன். எத்தனை ஆயிரம் சட்டைக்குப் பேட்டன் போட்ட கை! கோடு ஒரு நூல் பிசகாது. போர்டை எடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டைகூடச் சேரவில்லை. எல்லா ஓட்டையும் போர்டை விட்டு விலகி நின்றன.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தகட்டையும் பேப்பரையும் எடுத்துக்கொண்டு, சாமான் வாங்குகிற எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் வேலைக்கு என்று வந்து, அது பிடிக்காமல் கடை வைத்தவர். வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணாச்சி, ஓட்டை எல்லாம் போர்டை விட்டு வெளிய கெடக்கு?"

"பேட்டன் போட்டுத்தானுங்க வெட்டுனேன். நீங்களே பாருங்க."

பேப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ள ஒரு கோடு போட்டிருக்கீய. செரி. அதச் சுத்தி வெளிய இன்னொரு கோடு எதுக்கு?"

நான் பேப்பரைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் உடம்பு அளவுக்கு மேலே கொஞ்சம் தள்ளித்தான் பேட்டன் போடுவோம். தையலுக்கும் சேர்த்து விடுவோம். என் கை, என்னைக் கேட்காமலே, இரும்புத் தகட்டுக்கும் அலவன்ஸ் விட்டு வெளிக்கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஓட்டையை அளந்திருக்கிறது.

"அலவன்ஸுங்க," என்றேன்.

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை டீக்காரர் எட்டிப் பார்த்தார். "இரும்பை நனைச்சுக் காயப்போட்டா சுருங்குமோ அண்ணாச்சி? இங்க வந்து பாருங்கய்யா, அண்ணாச்சி மோட்டாருக்குப் பனியன் தைக்காவ! கை வச்சதா, கை இல்லாததா?"

"சிரிக்கறதச் சிரிச்சு முடிச்சுப்போட்டு, போர்டுக்கு அடில குடுக்க ஸ்பேசர் குடுங்க."

"என்ன சைஸ்? எம் சைஸா, எல் சைஸா?"

அவர் சொன்ன பகடியை இன்றைக்கும் நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்குக் காது சுட்டது. திரும்பி வந்து புதுத் தகடு வெட்டினேன்.

இரண்டாவது தகடு சரியாக வந்தது. டிரான்ஸ்பார்மர் கனம், அது கீழே இடது மூலையில். கான்டாக்டர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பெட்டியையே ஆட்டும். அதுவும் கீழே, ஆனால் வலது ஓரத்தில். போன் போர்டு மென்மையானது. அதை இந்த இரண்டிலிருந்தும் தள்ளி, மேலே வைத்தேன். போர்டின் அடிப்பக்கம் ஈயம் வைத்த கால்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவை தகட்டைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு ஸ்பேசர் கொடுத்து, போர்டைத் தகட்டிலிருந்து விரல் கனத்துக்குத் தூக்கி நிறுத்தினேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒயர்களைப் பிரித்து, நூல் கோனிலிருந்து நூல் வருவதுபோல ஒன்றோடொன்று சிக்காமல் கட்டினேன். ஒயர் உள்ளே வருகிற ஓட்டைகள் எல்லாம் அடிப்பக்கம். மேலே வைத்தால் மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் பூண். காற்றுப் போக வைத்த ஓட்டைகளுக்கு எறும்பு நுழையாத பித்தளை வலை.

எல்லாம் மாட்டிக் கதவைச் சாத்தினால் போன் எடுக்கவில்லை. கதவைத் திறந்தால் எடுத்தது. சாத்தினால் இல்லை. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் வராது என்று எந்தப் புத்தகத்திலோ இருக்கும். நான் கதவைத் திறந்து சாத்தித்தான் படித்தேன். ஆன்டெனாவை மட்டும் வெளியே கொண்டுவந்து பெட்டியின் தலையில் நிறுத்தினேன். மோட்டாருக்குப் பதில் மூன்று பல்புகளை மாட்டி, என் போனிலிருந்து அழைத்தேன். கான்டாக்டர் டக்கென்று அடித்தது. மூன்று பல்பும் எரிந்தன. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

கடைசி வேலை நம்பர் பதிவது. எந்த நம்பரைப் பதிந்து வைக்கிறோமோ அந்தப் போனுக்கு மட்டும்தான் பெட்டி கட்டுப்படும். போர்டில் ஐந்து நம்பருக்கு இடம் இருந்தது. தேவை ஒன்றுதான், அக்காவுடையது. ஆனால் ஒன்று கேட்டவருக்கு ஒன்றே ஒன்றைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தொழிலில் ஆர்டருக்குச் சரியாக எவனும் வெட்டமாட்டான். கறை, ஓட்டை, தையல் பிசகு என்று கொஞ்சம் கழிந்துபோகும். குறைந்த சரக்கோடு, ஆர்டர் கொடுத்த பையர் முகத்தில் முழிக்க முடியாது. அதனால் எப்போதும் மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் வெட்டுவோம். காலி இடத்தைப் பார்த்ததும் என் நம்பரைப் பதிந்தேன். அக்கா போனில் சார்ஜ் இல்லாமல் போனால் ஆகுமே என்று மூத்தவன் நம்பர். அவன் வேலையில் இருந்தால் ஆகுமே என்று சின்னவன் நம்பர். யாரும் கேட்கவில்லை. பதிந்ததோடு விடாமல் இரண்டு பேருக்கும் போன் போட்டு, "மாப்ள, இனி நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் உங்க தோட்டத்து மோட்டாரப் போடலாம், பாத்துக்க!" என்று சொல்லிக்கொண்டேன்.

கை கூடியதும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, தாராபுரம் வழியாகக் காரில் மடியிலேயே வைத்துப் பெட்டியைக் கொண்டுபோய், கிணற்றடி மோட்டார் ரூமில் மாட்டினேன். பிறகு அக்காவை வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார வைத்து, பட்டன் போனில் எந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். கட்டு அவிழ்த்த கையால் அழுத்தினாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வீட்டுத் தொட்டியில் குழாய் இருமி, காற்றுத் துப்பி, தண்ணீர் விழுந்தது.

"அட சாமி! உக்காந்த எடத்துல தண்ணி வருதே! உன்ற மச்சான் இருந்திருக்கோணும். போட்டுப் போட்டு நிறுத்தியே மோட்டார ஒரே நாள்ல கெடுத்திருப்பாரு," என்று அக்கா சிரித்தாள்.

சிரித்துவிட்டு எழுந்து, மம்மட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"அதான் மோட்டார் ஓடுதுங்கள்ளக்கா, எங்க போறீங்க?"

"மோட்டார் ஓடுனா? தண்ணியத் திருப்ப வேண்டாமா? நீ உக்காரு. வெயில் ஏறட்டும், வந்து மோர் தாரேன்."

அதுதான் நாங்கள் போட்ட ஏற்பாடு. இருட்டில் போய் மோட்டாரைப் போட வேண்டாம். கரண்ட் வந்ததும் வாசலிலிருந்தே போட்டுவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு நிதானமாகப் போய்த் தண்ணீரைப் பார்க்கலாம். கொஞ்ச காலம் அப்படியே நடந்தது. தினமும் காலையில் எனக்குப் போன் வரும். தண்ணீர் எந்த வரிசை வரைக்கும் போனது, எந்தத் தென்னை குருத்து விட்டிருக்கிறது, எந்தப் பக்கம் வரப்பை எலி பறித்திருக்கிறது என்று சொல்வாள். கட்டிங் டேபிளோரம் நின்றுகொண்டே கேட்பேன். என்னைச் சுற்றி இந்தியும் நெல்லைத் தமிழும் மெஷின் சத்தமுமாக இருக்கும். போனில் மட்டும் கணியூர்த் தோட்டம். பெட்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பேன். "உன்ற பொட்டிக்கென்ன சாமி, ராசா மாதிரி இருக்குது" என்பாள். அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய பொழுது போகும்.

ஒரு நாள் குரல் மாறி வந்தது.

"தம்பி, உன்ற பொட்டிக்கு என்னமோ ஆயிருச்சு. நான் போடாமயே மோட்டார் ஓடுது. நிறுத்துனாலும் மறுக்கா ஓடுது."

அன்றைக்கே ஓடினேன். கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஈரம் இல்லை. எறும்பு இல்லை. ஒரு ஸ்குரூகூட நெகிழவில்லை. என் பெட்டி தானாக ஓடாது என்று எனக்குத் தெரியும். மூத்தவனுக்குப் போன் போட்டேன்.

"நான்தான் மாமா போட்டேன். மறுக்காக் கூப்பிட்டுக் கேட்டா மோட்டார் நின்னிருந்துது. அம்மா நிறுத்துனது எனக்குத் தெரியாதே, கரண்ட் போயிருச்சாக்கும்னு மறுக்காப் போட்டேன். நேத்துத் தம்பி போட்டான். அம்மாவுக்கு எதுக்குச் சிரமம்? நாங்களே பாத்துக்கறோம்."

அக்காவிடம் சொன்னேன். "பெட்டில ஒண்ணுமில்லீங்கக்கா, பசங்கதான் போட்டிருக்காங்க," என்று, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னேன். பெட்டியின்மேல் குற்றமில்லை என்பது எனக்கு நல்ல சேதிதான். அக்கா போனை முந்தானையில் துடைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அக்கா பட்டனை அழுத்துவதற்கு முன்பே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். சின்னவன் ஆபீஸ் கேன்டீனில் நின்று போடுவான். மூத்தவன் பிரிண்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் நின்று நிறுத்துவான். காய்கறியெல்லாம் எதற்கு என்று நிறுத்தினார்கள். மக்காச்சோளம் போனது. தென்னை மட்டும் போதும், வாய்க்காலை ஒழுங்காகக் கட்டிவிட்டால் தண்ணீர் தானாகப் போய்க்கொள்ளும் என்று ஆள் விட்டுக் கட்டினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தோட்டத்துக்கு வந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, மோட்டார நாங்க அங்கிருந்தே போடறோம். தண்ணி தானாப் போகுது. காயும் வாரதில்ல, மாடும் இல்ல. இனி இங்க தனியா எதுக்கு இருக்கோணும்? வந்துரு," என்றான் மூத்தவன்.

"பொட்டி ஓடுனா நான் இங்கயே இருக்கலாம்னுதானடா சொன்னே?"

"ஓடுனதாலதாம்மா சொல்றேன். மாமாவே சொன்னாரே, எந்த ஊர்ல இருந்தாலும் போடலாம்னு. அப்புறம் நீ எதுக்கு இங்க?"

அவன் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நான் செய்ததைத்தான், நான் சொன்னபடியேதான் சொல்கிறான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏஞ்சாமி, ஆளே இல்லாம ஓடுமா உன்ற பொட்டி?"

"ஓடுங்கக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது? ஓடும்தானே.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில் நான் அக்காவைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். பெட்டிக் கதவைத் திறந்தேன். "அக்கா, பசங்க நம்பரை அழிச்சுப்போடறேன். ஒரு நிமிச வேலை. உங்க போனுக்கு மட்டுந்தான் மோட்டார் கட்டுப்படும். அப்புறம் நீங்க இங்க இருந்துதான ஆகோணும்?"

அக்கா பெட்டிக்குள்ளே எட்டிப் பார்த்தாள். அதற்கு முன்னால் அவள் உள்ளே பார்த்ததில்லை. "எத்தன நேக்கா வச்சிருக்கறே," என்று ஒயர்க் கட்டைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள். "வேண்டாஞ்சாமி. நீ அழிச்சா நாளைக்கே கடைல ஒண்ணு வாங்கி மாட்டுவாங்க. பசங்களுக்குப் பயம். நான் எங்கயாச்சு விழுந்து கெடப்பேன்னு பயம். உன்ற பொட்டியாவது இங்க இருக்கட்டும்."

அக்கா வளர்த்து வந்த கோழிகளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்தாள். கிளம்புகிற அன்று வாசலைக் கூட்டினாள். "பூட்டற ஊட்டுக்கு எதுக்கம்மா கூட்டறே?" என்று மூத்தவன் காரில் இருந்தபடி கேட்டான். கூட்டி முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

இப்போது அக்கா இருப்பது என் கம்பெனிக்குக் கூப்பிடு தூரத்தில். அந்த வகையில் எனக்கு வசதிதான். நினைத்தால் போய்ப் பார்க்கலாம். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். சாப்பாடு, மாத்திரை, டி.வி. எல்லாம் இருக்கிறது. காலையில் எனக்கு வரும் போன் மட்டும் நின்றுவிட்டது. பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்கு எதற்குப் போன்? போனாலும் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. "சாப்டியா?" என்பாள். "சாப்டேங்கக்கா" என்பேன். அப்புறம் இரண்டு பேரும் டி.வி.யைப் பார்ப்போம். அக்காவிடம் பேச எனக்கு இத்தனை நாள் இருந்ததெல்லாம் தோட்டம் ஒன்றுதான் போல. அது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒயரைப் பற்றி, ரிலேவைப் பற்றி, எறும்பைப் பற்றியெல்லாம் அத்தனை யோசித்த நான், மோட்டாரைப் போடும் வேலை அக்காவுக்கு என்னவாக இருந்தது என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். அந்த மூன்று நம்பர் இல்லாமல் பெட்டி செய்திருப்பேன்.

பெட்டியைச் சுத்தம் செய்ய அண்மையில் ஒரு முறை கணியூர் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. மோட்டார் ரூமைத் திறந்து வலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, என் காதோரம் கான்டாக்டர் டக்கென்று அடித்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. சின்னவனோ மூத்தவனோ எங்கேயோ நின்று போட்டிருக்கிறான். தோட்டத்தில் ஓர் ஆள் இல்லை. நான் செய்த பெட்டி ஒரு குறையில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக வருகிற சந்தோசம் வரவில்லை.

வெளியே வந்தால் வாய்க்காலில் ஓரிடத்தில் கட்டு விரிந்து, தண்ணீர் முழுக்கப் பக்கத்துக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படிப் போகிறதோ தெரியாது. கடைசி வரிசைத் தென்னை மட்டைகள் தொங்கிப்போயிருந்தன. மோட்டார் ரூம் மூலையில் கிடந்த மம்மட்டியை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். ஊசி நூலும் கத்திரியும் தெரிந்த எனக்கு மண் வேலை தெரியாது. போடுகிற மண்ணையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எந்த எடத்துல சாமி? பாறைக்கு அக்கட்டாலயா, இக்கட்டாலயா?"

"இக்கட்டாலங்கக்கா."

"அங்க மண்ணு நிக்காது. மொதல்ல மேல போயித் தெக்கால மடையத் தொறந்து தண்ணிய அந்தப் பக்கம் விட்டுப்போடு. இங்க வடிஞ்சப்புறம் கல்லு வச்சுக் கட்டு. மட்டையக் குறுக்க போடு. ஏய், வெறும் மண்ண அள்ளிப் போடாத!"

குரல் பழையபடி இருந்தது. சொல்லச் சொல்லச் செய்தேன். சேறு முழங்கால் வரைக்கும். நடுவில் இரண்டு தரம் என்னைத் திட்டினாள். "கட்டிங் மாஸ்டராம், ஒரு மடை கட்டத் தெரில!" என்றாள். தண்ணீர் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததும் சொன்னேன். "செரி. வெயில்ல நிக்காத, வா," என்று வைத்துவிட்டாள்.

அன்று பொழுதோடு நேராக மூத்தவன் வீட்டுக்குப் போனேன். கால் கழுவியும் சேறு முழுக்கப் போகவில்லை.

"மாப்ள, ஆள் இல்லாமத் தோட்டம் ஆகாது. வாய்க்கா ஒடஞ்சு தண்ணி அத்தனையும் அடுத்தவன் காட்டுக்குப் போகுது. பொட்டி மோட்டாரத்தான் ஓட்டும், தண்ணியத் திருப்பாது. அக்கா அங்கயே இருக்கட்டும். நான் அடிக்கடி போய்ப் பாத்துக்கறேன்."

மூத்தவன் நிதானமாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "வாய்க்காலே வேண்டாங்க மாமா. சொட்டுநீர் போட்டறலாம். ஒவ்வொரு வரிசைக்கும் வால்வு தானாத் தொறந்து மூடற மாதிரி நீங்களே ஒரு பொட்டி செஞ்சு குடுங்க. உங்களுக்கு அதெல்லாம் ஒரு வேலையா?" என்றான்.

அக்கா எனக்குக் காபி கொண்டுவந்தவள் அங்கேயே நின்றாள்.

அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பெட்டி என் மனசில் தயாராகிவிட்டது. வால்வுக்கு ஒன்று என்று ரிலேக்களை மேலே வரிசையாக வைக்கலாம். டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் பெரிதாக வேண்டும், அது கீழே. கதவில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்ன லைட்.

"எனக்குத் தெரியாது மாப்ள," என்றேன்.

"உங்களுக்கா? வெளையாடாதீங்க மாமா."

"நெசமாத்தான். அதெல்லாம் வேற வேலை. எனக்கு வராது."

அவன் நம்பாமல் சிரித்தான். பிறகு போனை எடுத்து எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினான். "பரவால்லீங்க மாமா. ரெடிமேடாவே கெடைக்குது பாருங்க. நாளான்னைக்கே வந்துரும்."

நல்ல வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. தண்ணீர் புகாத மூடி. எட்டு வால்வுக்கு எட்டு ஓட்டை. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

அக்கா காபியை என் முன்னால் வைத்தாள். "சக்கரை பத்துதான்னு பாரு சாமி," என்றாள்.